உளிக்குத் தள்ளுபடி உண்டோ?

படாளம் பெரிய நகரம் அன்று. சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், செங்கல்பட்டையும் பாலாற்றுப் பாலத்தையும் கடந்தபின், மதுராந்தகத்திற்கு முன்னர் வரும் ஊர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையாலும் வேடந்தாங்கலுக்குத் திரும்பும் சாலையாலும் பலரும் அறிந்த ஊர். கார்காலம் தொடங்கியதும் கடல் கடந்த நாடுகளிலிருந்து பறவைகள் வேடந்தாங்கல் ஏரியை நாடி வருகின்றன. அதே பருவத்தில் இப்பகுதியிலிருந்து கடல் கடந்த நாடுகளுக்கு அட்டைப் பெட்டிகள் புறப்படுகின்றன. பறவைகளின் வருகையை ஆராய்ந்தோர் பலர். பெட்டிகளின் பயணத்தைப் பற்றியும் அவற்றைக் கட்டி அனுப்பும் கைகளைப் பற்றியும் சிந்தித்தோர் சிலரே. அச்சிந்தனையை இம்மலரின் வாயிலாகத் தொடங்கி வைக்க விழைகிறோம்.

இணைய வணிகம் என்பது இன்று பெருநகரத்தார்க்கு மட்டும் உரியதன்று. படாளத்தில் ஒரு சிறு அறையும், ஒரு கணிப்பொறியும், நேர்மையான முகவரியும் இருந்தால், டொராண்டோவிலும் இலண்டனிலும் வாழ்வோர்க்குப் பொருள் விற்க இயலும். எம் துறையில் பயின்று சென்ற மாணவர் சிலர் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் சிறு கற்சிற்பங்களையும் கல்விளக்குகளையும் வாங்கிப் பிற நாட்டார்க்கு விற்பது அவர்தம் தொழில். அவர்களுள் பலரும் ஆண்டுதோறும் எதிர்நோக்குவது நவம்பர்த் திங்களின் இறுதியில் வரும் மாபெரும் விற்பனை விழாவையே. அவ்விழா நம் சிற்பிக்கு ஆக்கமா, கேடா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

கடல் வாணிகமும் நம் கரையும்

கடல் வாணிகம் தமிழர்க்குப் புதியதன்று. கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் செய்யாத வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி, கீழக்கரையில் வாழ்ந்து கடல் வாணிகத்தால் பொருளீட்டியவர். ஈட்டியதை வாரி வழங்கியவர். பல்லவர் காலத்தில் மாமல்லபுரம் சிற்பக் கூடமாக மட்டுமன்றித் துறைமுகமாகவும் விளங்கியது.

அதற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இன்றும் டச்சுக்காரரின் கோட்டை சிதைந்து நிற்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் அவர்கள் இக்கரைக்கு வந்தது நம் நெசவாளர் நெய்த துணிக்காக. ஐரோப்பியக் கும்பினிகள் இடைத்தரகர் வழியே நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்தன. எத்தகைய துணி, எவ்வளவு நீளம், எந்நாளுக்குள் என்பவற்றைக் கடலுக்கு அப்பாலிருந்த சந்தையே முடிவு செய்தது. கப்பல் புறப்படும் நாளே நெசவாளனின் நாட்காட்டி ஆயிற்று. துணி உலகப் புகழ் பெற்றது. நெய்தவன் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இவ்வரலாறு மீண்டும் நிகழ்ந்துவிடக் கூடாது என்னும் கவலையே இக்கட்டுரைக்குக் காரணம் எனின் மிகையன்று.

தள்ளுபடித் திருநாள்

அமெரிக்காவில் நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். அதற்கு மறுநாளைக் 'கருப்பு வெள்ளி' என்பர். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கான வாணிகம் அன்று சூடு பிடிக்கும். அடுத்து வரும் திங்கட்கிழமைக்குச் 'சைபர் திங்கள்' என்னும் பெயர் 2005-இல் சூட்டப்பெற்றது. அது இணையக் கடைகளுக்கென்றே ஏற்பட்ட நாள். சீனத்தில் அலிபாபா நிறுவனம் 2009 முதல் நவம்பர் 11-ஐ இத்தகைய விற்பனை நாளாக வளர்த்தெடுத்தது. பெருமளவு வாணிகத்தைச் சில நாள்களில் செய்து முடிக்கும் வேகம் இவ்விழாக்களுக்கு உண்டு.

தள்ளுபடி நமக்குத் தெரியாததன்று. ஆடித் தள்ளுபடியை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஆடியில் திருமணம் முதலிய சுப நிகழ்ச்சிகள் நடவா. கடையில் துணி தேங்கும். தேங்கியதைக் குறைந்த விலைக்குத் தள்ளி, தீபாவளிக்குப் புதுச் சரக்கு கொள்வர். இதில் ஓர் ஒழுங்கு உண்டு. விற்பவனிடம் தேக்கம் இருக்கிறது. வாங்குபவனுக்கு மலிவு கிடைக்கிறது. ஆலையில் ஆயிரக்கணக்கில் வார்த்தெடுக்கும் பொருளுக்கும் இவ்வாறே. எண்ணிக்கை பெருகப் பெருக ஒரு பொருளின் அடக்கவிலை குறையும். ஆதலின் ஆலையாளனால் விலையைக் குறைக்க இயலும்.

சிற்பியிடம் தேக்கம் ஏது? அவனிடம் இருப்பவை இரண்டு கைகளும் ஒரு நாளின் பகற்பொழுதுமே. பத்து விளக்குகளைச் செதுக்கினாலும் பத்தாவது விளக்கு முதல் விளக்கின் உழைப்பையே கேட்கும். கருங்கல் கூட்டத்தைக் கண்டு இளகுவதில்லை. ஆலைப் பொருளுக்கென வகுக்கப்பட்ட விழாவில் கைப்பொருளை நிறுத்தும்போது முதற்பிழை தொடங்குகிறது.

ஒரு சிறு கணக்கு

கணக்கின் போக்கைக் காட்டும்பொருட்டு ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு கல்விளக்கின் விலை 4,000 ரூபாய் என்க. கல்லுக்கும் செதுக்குக் கூலிக்கும் 1,400 ரூபாய். உடையாமல் கட்டுவதற்கு 200 ரூபாய். கல் கனமானது, வானூர்திப் பொதிக்கோ எடையே விலை, எனவே அனுப்புச் செலவு 1,100 ரூபாய். இணையச் சந்தைக்குரிய கட்டணம் 15 விழுக்காடு என்று கொண்டால் 600 ரூபாய். விளம்பரத்திற்கும் பணமாற்றத்திற்கும் 300 ரூபாய். ஆக 3,600 ரூபாய் செலவு. விற்பவருக்கு எஞ்சுவது 400 ரூபாய்.

இப்போது 30 விழுக்காடு தள்ளுபடி அளிப்போம். விலை 2,800 ரூபாயாகிறது. கல் மலிவதில்லை, அட்டைப் பெட்டி மலிவதில்லை, வானூர்தி மலிவதில்லை. சந்தைக் கட்டணம் மட்டும் 600-லிருந்து 420-ஆகக் குறைகிறது. மொத்தச் செலவு 3,420 ரூபாய். இழப்பு 620 ரூபாய். வாங்குபவர் பெற்ற சலுகை 1,200 ரூபாய். அதில் சந்தை ஏற்றது 180; விற்பவர் தம் ஊதியத்தை முற்றும் இழந்து ஏற்றது 400; மீதி 620 ரூபாயை ஏற்றது யார்? நட்டத்தை நெடுநாள் தாங்க வல்லவர் அல்லர் நம் சிறு வணிகர். ஆதலின் அவர் பட்டறைக்குச் சென்று கூலியைக் குறைத்துப் பேசுகிறார். கடலுக்கு அப்பால் அறிவிக்கப்பட்ட தள்ளுபடி, இறுதியில் மாமல்லபுரத்து உளியின்மீது வந்து விழுகிறது என்பது வெள்ளிடைமலை.

சந்தைக் கட்டணமும் நம் கையில் இல்லை. கைவினைப் பொருள்களுக்கென 2005-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற எட்சி என்னும் இணையச் சந்தை, 2022 ஏப்ரலில் தன் விற்பனைக் கட்டணத்தை 5 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியது. அதை எதிர்த்துப் பல நாடுகளின் கைவினைஞர் ஒரு வார காலம் தம் கடைகளை மூடி வைத்தனர். கட்டணம் குறையவில்லை. கடை நம்முடையதாகத் தோன்றினும் தெரு பிறருடையது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

மழையும் விழாவும்

இவ்விழாவின் நாளே நம் கரைக்குப் பொருந்தாதது. நவம்பர் இறுதி என்பது வடகிழக்குப் பருவமழை வலுத்து நிற்கும் காலம். பாய்மரக் கப்பல் நாளில் ஐரோப்பிய மாலுமிகள் ஐப்பசி பிறந்ததும் சோழமண்டலக் கரையை விட்டு அகன்றுவிடுவது வழக்கம். அவர்கள் அஞ்சி ஒதுங்கிய பருவத்தையே நாம் இன்று பெருவாணிகத்தின் பருவமாக ஏற்றுக்கொண்டுள்ளோம்.

2015-இல் சைபர் திங்கள் நவம்பர் 30-ஆம் நாள் வந்தது. மறுநாள் சென்னையும் செங்கல்பட்டும் வெள்ளத்தில் மிதந்தன. விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2022 டிசம்பர் 9-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை அடுத்தே கரை கடந்தது. 2024-இல் கருப்பு வெள்ளி நவம்பர் 29. அடுத்த நாளே பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறியது. அன்றும் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது.

அவ்வாண்டு எம் பழைய மாணவர் ஒருவர் தள்ளுபடியில் பெற்ற ஆணைகளுக்குரிய பெட்டிகள் படாளத்தில் அவர் வீட்டுத் திண்ணையிலேயே தேங்கி நின்றன. புயலின் பெயர் வாங்குபவருக்குத் தெரியாது. குறித்த நாளில் பொருள் வரவில்லை என்பது மட்டுமே தெரியும். சிலர் ஆணையை நீக்கினர். சிலர் தாழ்ந்த மதிப்பெண் இட்டனர். அவர் கடை நடத்திய இணையச் சந்தை, காலந்தாழ்த்தியவர் என்று அவரைக் குறித்து, தேடுவோர் கண்ணில் படாத பின்வரிசைக்குத் தள்ளியது. எழுதிய விளக்கக் கடிதத்திற்கு வந்த விடை, மனிதர் எழுதியதாகத் தோன்றவில்லை என்று அவர் எம்மிடம் வருந்திக் கூறினார். தை பிறந்து வானம் வெளுத்தபின்னும் அவர் கடைக்கு வாணிகம் திரும்ப நெடுநாள் ஆயிற்று.

இவ்விழாவின் அவசரம் பட்டறையிலும் தன் தடத்தைப் பதிக்கிறது. குறுகிய நாளில் மிகுதியான எண்ணிக்கை வேண்டும் என்றால் உளி போதாது. மின்னறுவை இயந்திரம் வேண்டும். அவ்வியந்திரம் எழுப்பும் கல்தூசியில் சிலிக்கா உள்ளது. அதனை நெடுங்காலம் உட்கொண்ட நுரையீரல் இறுகும். சிலிக்கோசிஸ் என்னும் அந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. நீர் தெளித்து அறுப்பதும் தக்க முகக்காப்பு அணிவதும் அந்நோயைத் தடுக்கும் வழிகள். அவசரம் முதலில் கைவிடுவது இவ்விரண்டையுமே. மலிவாகக் கிடைத்த விளக்கின் உண்மையான விலையை யார் செலுத்துகிறார் என்று நாம் கேட்டாக வேண்டும்.

ஒரே சந்தையை நம்பலாமா?

இன்னுமொரு பாடத்தை 2025-ஆம் ஆண்டு கற்பித்தது. 800 டாலர் வரை மதிப்புள்ள பொதிகள் வரியின்றி அமெரிக்காவுக்குள் நுழையலாம் என்னும் சலுகை 2016 முதல் நடப்பில் இருந்தது. சிறு விற்பனையாளர்க்கு அதுவே அகன்ற வாயில். 2025 ஆகஸ்டு 27-இல் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 விழுக்காட்டை எட்டியது. ஆகஸ்டு 29-இல் அந்த 800 டாலர்ச் சலுகையும் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. வரியை யார் தண்டுவது, எவ்வாறு தண்டுவது என்பது தெளிவாகாமையால், நம் அஞ்சல் துறை ஆகஸ்டு 25 முதலே அமெரிக்காவுக்குரிய பெரும்பாலான பொதிகளை ஏற்பதை நிறுத்தி, அக்டோபர் 15-இல்தான் மீண்டும் தொடங்கியது. நவம்பர் விழாவுக்குச் சரக்கு புறப்பட வேண்டிய வாரங்கள் அவை.

வரி விகிதங்கள் மாறும், ஏறும், இறங்கும். ஆனால் ஒரே நாட்டின் ஒரே வாரத்தை நம்பி ஓராண்டு உழைப்பை வைத்திருப்பவன், அந்நாட்டின் ஓர் ஆணையால் வீழ்வான் என்னும் பாடம் மாறாது.

மறுப்பாருக்கு ஒரு சொல்

"உலகமே வாங்கும் நாளில் கடையை மூடி வைப்பது அறிவுடைமை ஆகுமா?" என்று கேட்பார் உளர். கடையை மூடச் சொல்லவில்லை. அந்நாளில் வருவோர் மிகப் பலர் என்பது உண்மை. புதிய கடையொன்று உலகின் கண்ணில் படுவதற்கு அதுவே நல்ல வாய்ப்பு என்பதும் உண்மை. வெளிநாட்டுப் பணத்தால் நம் சிற்றூர் இளைஞர் சிலர் பட்டணம் போகாமல் பிழைக்கின்றனர் என்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம். கடல் கடந்தும் பொருள் தேடுக என்று ஔவை சொன்ன நாட்டில் வாணிகத்தைப் பழிப்பார் எவர்? நாம் மறுப்பது விற்பனையை அன்று. விலைக்குறைப்புப் போட்டியை மட்டுமே.

விலை குறைக்காவிடில் வாங்குவோர் போய்விடுவர் என்பர். சிலர் போவர், அதை ஒப்புக்கொள்கிறோம். மலிவு ஒன்றையே நாடி வருபவர், பிசின் கலந்து வார்த்த பொம்மை பாதி விலைக்குக் கிடைப்பின் அங்கே செல்வர். எவ்வளவு குறைத்தாலும் அச்சோடு உளி போட்டியிட இயலாது. போட்டியிட முயன்றால் உளியும் அச்சாக மாறிவிடும். மாறியபின் நம்மிடம் விற்பதற்கு என்ன இருக்கும்?

செய்யத் தக்கன

குறை கூறுவதோடு அமைதல் கற்றோர்க்கு அழகன்று. ஆதலின் நமக்குத் தோன்றும் சில வழிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, நவம்பரைப் பொருள் அனுப்பும் மாதமாகக் கொள்ளாமல் ஆணை பெறும் மாதமாகக் கொள்ளலாம். "இது கையால் செதுக்கப்படுவது, எங்கள் ஊரில் இது மழைக்காலம், தை அல்லது மாசியில் வந்து சேரும்" என்று வெளிப்படையாக எழுதி, முன்பணம் பெறலாம். அம்முன்பணம் சிற்பிக்கு மழைக்கால வருவாய் ஆகும். பண்டிகைக்குள் பொருள் வேண்டுவோர்க்கு, சித்திரை முதல் ஆடி வரை நிதானமாகச் செதுக்கி வைத்த சிறு பொருள்களைத் தள்ளுபடியின்றி, ஐப்பசி அடைமழைக்கு முன்பே அனுப்பலாம்.

இரண்டாவது, பிறர் வகுத்த விழாவை மட்டும் நம்பாமல் நமக்குரிய விழாக்களையும் வாணிகப் பருவங்களாக்கலாம். கனடா நாட்டு மக்களவை 2016-இல் சனவரித் திங்களைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பொங்கல் தமிழர்தம் பொதுவிழாவாகச் சிறக்கிறது. அங்கெல்லாம் தமிழர் இல்லத்து முற்றத்தில் ஏற்றப்படும் விளக்கு ஏன் மாமல்லபுரத்துக் கல்விளக்காக இருத்தல் கூடாது?

மூன்றாவது, சட்டமும் அரசும் அளிக்கும் வசதிகளை அறிந்து பயன்படுத்த வேண்டும். மாமல்லபுரத்துக் கற்சிற்பம் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றது. இந்தியாவுக்குள் போலியைத் தடுக்க அது சட்டத் துணை. வெளிநாட்டில் அது தானே காவல் நிற்காது எனினும், பொருளின் பிறப்பைச் சொல்லும் சான்றாக நிற்கும். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை 500 ரூபாய்க் கட்டணத்தில் இணையம் வழியே பெறலாம். அஞ்சல் துறை 2022 முதல் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்னும் பெயரில் ஏற்றுமதி மையங்களை அஞ்சலகங்களில் நிறுவியுள்ளது. சிறு வணிகர் பலர் இவற்றின் பெயரையும் அறியார்.

நான்காவது, தமிழ் கற்றோர்க்கு உரிய கடமை. இணையக் கடையில் வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. சொல்லைப் படித்தே வாங்குகிறார். ஆனால் நம் பொருள்களைப் பற்றி எழுதப்படும் சொற்களோ எங்கிருந்தோ படியெடுத்த வெற்று ஆரவாரம். தட்டிப் பார்த்து, எழும் ஓசையால் ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று பிரித்தறியும் சிற்ப மரபை எந்தக் கடை எழுதியது? 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பெற்ற சிற்பக் கல்லூரியில் அம்மரபு பாடமாகப் பயிலப்படுவதை எந்தக் கடை கூறியது? செதுக்கியவர் இசைவு பெற்று அவர் பெயரையும், செதுக்க ஆன நாள்களையும், கல்லின் வகையையும், இயந்திரம் தொட்ட இடத்தையும் உள்ளவாறு எழுதுவோமாயின், விலை ஏன் இவ்வளவு என்று வாங்குபவரே உணர்வார். உண்மையை உள்ளவாறு சொல்லும் பயிற்சி இலக்கிய வகுப்பின் பயிற்சியே. எம் மாணவர் விடுமுறையில் ஒரு பட்டறைக்குச் சென்று பத்துப் பொருள்களுக்காவது இவ்வாறு எழுதிக் கொடுப்பராயின், அது தமிழ்த் தொண்டும் ஆகும். தொழில் தொண்டும் ஆகும்.

முடிவாக

சதுரங்கப்பட்டினத்திலிருந்து சென்ற துணியை நெய்தவர் பெயர் நமக்குத் தெரியாது. அன்று எழுதி வைக்க யாரும் இல்லை என்று நாம் அமைதி கொள்ளலாம். இன்று அவ்வாறு சொல்ல நமக்கு வழியில்லை. எழுதக் கற்றவர் ஊர்தோறும் உளர். எழுதியதை உலகத்தின் முன் வைக்கும் கருவி ஒவ்வொருவர் கையிலும் உளது.

அடுத்த நவம்பரிலும் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வரும். படாளத்திலிருந்து பெட்டிகள் புறப்படும். அப்பெட்டிகளில் ஒன்றையேனும், செதுக்கியவர் பெயரோடும் குறையாத கூலியோடும் அனுப்பி வைப்போமாக. விற்பவர் தம் ஊதியத்தில் விட்டுக்கொடுக்கலாம். சந்தை தன் கட்டணத்தில் விட்டுக்கொடுக்கலாம். உளியின் கூலியில் கை வைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.